கறண்ட் இல்லாத ஐந்து நாள்

2013 டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ரொறன்ரோ நகரின் கிழக்கே ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் குடும்பம் நித்திரை கலைந்து எழும்பியது. எழுப்பியது சத்தம் அல்ல, சத்தம் இல்லாமல் போனதுதான். பேஸ்மென்றில் குளிர்காலம் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும் வெப்பமூட்டி நின்றுவிட்டது. சுவர் மணிக்கூட்டின் சிவப்பு இலக்கங்களும் அணைந்துவிட்டன.

அந்த வீட்டில் ஆறு பேர். தொழிற்சாலையில் வேலை செய்யும் தகப்பன், தாய், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், ஒன்பது வயது மகன், ஐந்து மாதக் கைக்குழந்தை. பிறகு, யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து சேர்ந்த அம்மம்மா. அவவுக்கு எழுபத்து நான்கு வயது.

கனடாவில் வாழ்பவர்களுக்குப் பனி புதிதில்லை. ஆனால் அன்று விழுந்தது பனி இல்லை, உறைமழை. வானத்தில் உயரத்தில் ஒரு சூடான காற்றுப் படை இருந்தால் விழுகிற பனி அங்கே உருகி மழையாகிவிடும். நிலத்தை ஒட்டி மெல்லிய குளிர் படை இருந்தால், அந்தத் துளிகள் திரும்பப் பனியாக நேரம் போதாது. பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தும் தண்ணீராகவே வந்து, எதில் படுகிறதோ அதிலேயே கண்ணாடி போல உறைந்துவிடும். மரக்கொப்பு, மின்கம்பி, கார், படிக்கட்டு ஒன்றும் தப்பாது. கொப்பு பாரம் தாங்காமல் முறிந்து கம்பியில் விழும், கம்பி அறும். அந்த நாட்களில் ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3,00,000 மின் இணைப்புகள் இருண்டு போயின.

மகன் யன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றான். தெருமுனையில் மின்மாற்றி ஒன்று நீலப் பச்சையாக வெளிச்சம் அடித்து அணைந்தது. பின்னால் ஒரு கொப்பு 'படார்' என்று முறிந்தது. அம்மம்மா ஓடி வந்து பொடியனை இழுத்து, படிக்கட்டுக்குக் கீழே கொண்டுபோய் இருத்திவிட்டா. அவன் சிரித்தான். அவ சிரிக்கவில்லை. மரம்தான் முறிகிறது என்று அவவுக்கும் தெரியும். கை கால்களுக்குத்தான் தெரியவில்லை.

முதல் நாள் பெரிய பிரச்சினை இல்லை. சொல்லப்போனால் அன்று அந்த வீட்டின் ராணி அம்மம்மாதான். 1990 இல் போர் மீண்டும் தொடங்கிய பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோக, வருடக்கணக்கில் இருட்டில் குடும்பம் நடத்தியவ அவ. மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் சொட்டு எண்ணெய் விட்டு, திரி போட்டு விளக்கெரித்த தலைமுறை. சாமியறையில் இருந்து நல்லெண்ணெயும் திரியும் எடுத்து, வெறும் ஜாம் போத்தல் ஒன்றில் அதேபோல விளக்குச் செய்து காட்டினா. அந்த வெளிச்சத்தில் உன் அம்மா சோதனைக்குப் படித்தவள் என்று பேரனுக்குச் சொன்னா. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சாமான்களைக் கூடையில் போட்டுப் பின்வளவில் வைக்கச் சொன்னதும் அவதான். வெளியே குளிரைச் சும்மா கொட்டி வைத்திருக்கிறானே, பிறகேன் கவலை என்றா.

ஆனால் வீடு ஆறத் தொடங்கியது. பலருக்கு இது விளங்குவதில்லை: வீட்டுக்கு எரிவாயு வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கும் அதைக் கட்டுப்படுத்தும் பலகைக்கும் மின்சாரம் வேண்டும். அது இல்லாவிட்டால் வாயு இருந்தும் குளிர்தான். அந்த வீட்டின் சமையல் அடுப்போ மின்சார அடுப்பு. இரண்டாம் நாள், திங்கட்கிழமை இரவு, வீட்டுக்குள் ஒன்பது பாகை. வெளியே குளிர் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் மூக்கு நுனி ஐஸ் மாதிரி. அழுது அழுது களைத்து, பிறகு அழாமலே கிடந்தது. தாய்க்கு அதுதான் கூடப் பயம்.

நகரசபை சமூக நிலையங்களைச் சூடாக்கித் திறந்து வைத்திருக்கிறது என்று பற்றரி வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. போவோம் என்று தாய் கேட்டாள். அம்மம்மா மறுத்துவிட்டா.

"வீடு இருக்க ஏன் முகாமுக்குப் போவான்? நான் ஒருக்கா வெளிக்கிட்டனான். திரும்பி வரேக்க வீட்டில கதவு நிலையும் இல்லை."

1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் தென்மராட்சிப் பக்கம் நடந்ததே, அந்த நடையில் அவவும் ஒருத்தி. அதற்கு மேல் யாரும் அவவிடம் கதைக்கவில்லை.

"கரி இருக்குத்தானே, மருமோன். அந்த இறைச்சி வாட்டுற அடுப்பை உள்ளுக்குக் கொண்டு வாங்கோ. தணல் வைச்சால் அறை ஒரு மணித்தியாலத்தில சூடாயிடும்."

தகப்பன் கராஜுக்குப் போய் அடுப்பையும் கரி மூட்டையையும் தூக்கி வந்தார். நடு அறையில் வைத்துத் தீப்பெட்டியைத் தேடினார். மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"அப்பா, வேண்டாம். கார்பன் மொனொக்சைட். ரேடியோவில காலமையில இருந்து சொல்லுறாங்கள்."

"யன்னலைக் கொஞ்சம் திறந்து விட்டாச் சரி, பிள்ளை."

"காணாது அப்பா. அதுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. இரத்தத்தில ஒட்சிசன் ஒட்டிற இடத்தில இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கொள்ளும். நித்திரை மாதிரித்தான் வரும். எங்கட அலாரமும் சுவரில செருகிறது, கறண்ட் இல்லாம அதுவும் செத்துப் போச்சு."

அம்மம்மாவுக்குக் கோபம் வந்தது. "கரி நஞ்செண்டால் நாங்கள் எல்லாரும் எப்பவோ செத்திருப்பம். அறுபது வருசமா அடுப்படியில நிண்டனான்."

மகள் குரலை உயர்த்தவில்லை. "அம்மம்மா, உங்கட குசினியில புகை எதால போனது?"

"கூரையால. சுவருக்கும் கிடுகுக்கும் நடுவில சாண் இடைவெளி இருக்கும். யன்னலுக்குக் கம்பி மட்டும்தான்…"

அவ நிறுத்தினா. சுற்றிப் பார்த்தா. இரட்டைக் கண்ணாடி யன்னல். அதன் ஓரமெல்லாம் மருமகன் ஒட்டிய பிளாஸ்ரிக். கதவடியில் காற்று வராமல் தான் சுருட்டி வைத்த சீலை. குளிரை வெளியே நிறுத்தக் கட்டிய வீடு நஞ்சையும் உள்ளே நிறுத்தும் என்று அவவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கொண்டுபோய் வெளியில வையுங்கோ, தம்பி," என்றா.

பிறகு அவவே வேலைகளைச் சொன்னா. எல்லா மெத்தைகளும் மிகச் சிறிய அறைக்கு வந்தன. யன்னலுக்குப் போர்வை தொங்கியது. குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்கத் தகப்பன் தண்ணீரை நூலாகத் திறந்து விட்டார். குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலில் தோல் படக் கிடத்தி, மேலே அங்கி, அதற்கு மேல் கம்பளி. தலைக்குத் தொப்பி. தணல் செய்யவேண்டிய வேலையை ஆறு உடம்புகள் கொஞ்சம் செய்தன. நித்திரை வராதபடி அவ விடிய விடிய அந்தக் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தா. விடியப்புறம் அது பாலுக்கு அழுதது. நல்ல சத்தமாக.

செவ்வாய்க்கிழமை காலை, யாரும் கேட்காமலே அம்மம்மா அங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றா. கையில் ஒரு பை. அதற்குள் கடவுச்சீட்டு, காணி உறுதி, குழந்தையின் மருந்து. இடம்பெயர்கிறவர்கள் முதலில் எடுப்பது அதைத்தான்.

"பூட்டுங்கோ. பிள்ளைக்காகப் போவம். இந்த முறை திரும்பி வரலாம்தானே," என்றா.

சமூக நிலையத்தில் சூடு இருந்தது, சூப் இருந்தது, போன் ஏற்ற மின்சாரம் இருந்தது. பல நாட்டுச் சனம் கட்டிலும் பாயுமாகக் கிடந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, பாவம், கையுறை இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தா. அம்மம்மா தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தா. மொழி ஒன்றும் தேவைப்படவில்லை. நத்தார் அன்று உறவினர் வீட்டுக்குக் கறண்ட் வந்துவிட, அங்கே மாறினார்கள். 26 ஆம் திகதி பின்னேரம் தங்கள் வீட்டிலும் வந்துவிட்டது. நகரத்தில் சில வீடுகள் அதற்குப் பிறகும் இருட்டில்தான் கிடந்தன.

திரும்பி வந்தபோது கதவு நிலை இருந்தது. அம்மம்மா அதை ஒருதரம் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனா.

இருட்டில் வாழத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பது பிழை. புதிய நாட்டில் பழைய அனுபவம் ஒன்றுக்கும் உதவாது என்று நினைப்பதும் அதே அளவு பிழை. அந்த வீட்டில் விளக்கு அம்மம்மாவின் அறிவால் எரிந்தது. தணல் பேத்தியின் அறிவால் எரியாமல் போனது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த இரவு வேறு மாதிரி விடிந்திருக்கும்.

குளிர்நாடுகளில் இருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டுக் கார்பன் மொனொக்சைட் அலாரம் பற்றரியில் ஓடுமா என்று பாருங்கள். அந்தக் குடும்பம் மின்சாரம் வந்த மறுநாளே அப்படி ஒன்று வாங்கிக் குழந்தை படுக்கும் அறைக்கு வெளியே மாட்டியது. ஜாம் போத்தலையும் எறியவில்லை. சமையலறைத் தட்டில், திரியோடு, இருக்கிறது.