காலித் துறையில் மிதக்கும் வீடுகள்



விடுமுறைக்குத் தெற்கே போகிறவர்களில் காலிக் கோட்டையைப் பார்க்காமல் திரும்புபவர்கள் குறைவு. நீங்களும் போயிருப்பீர்கள். அடுத்த முறை போனால், 1904 ஆம் ஆண்டு கட்டப்பட்ட மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலுக்கு எதிரே, வெளிச்சவீட்டின் பக்கமாக மதிலில் நின்று கிழக்கே பாருங்கள். குடாவுக்கு அப்பால் ருமஸ்ஸலக் குன்று பச்சையாகத் தெரியும். அதற்கு இந்தப் பக்கத்தில் துறைமுகம். டிசம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களென்றால், மீன்பிடிப் படகுகளுக்கும் கப்பல்களுக்கும் நடுவே, உயர்ந்த பாய்மரத்துடன் வெள்ளை நிறப் பாய்ப்படகு ஒன்றிரண்டு உங்கள் கண்ணில் படக்கூடும்.

அவை வெறும் படகுகள் அல்ல, வீடுகள். கணவனும் மனைவியும், சில வேளைகளில் பிள்ளைகளும், மாதக்கணக்காக அவற்றிலேயே வாழ்கிறார்கள். சிறியதொரு சமையலறை, இரண்டு படுக்கைகள், புத்தகத் தட்டு எல்லாம் உள்ளே உண்டு. தாய்லாந்தின் புக்கெற்றிலிருந்து காலிக்கு ஏறத்தாழ 1,100 கடல் மைல். வடகீழ்ப் பருவக்காற்று முதுகில் தள்ள, ஒன்பது பத்து நாட்களில் வந்து சேர்வார்கள். இங்கே தண்ணீர், மரக்கறி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு மாலைதீவை நோக்கிப் புறப்படுவார்கள்.

கடலோடிகளுக்குக் காலி புதிய ஊரல்ல. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா இவ்வூரைத் தமது பயணக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டது. அது 1911 இல் கிடைத்ததும் இந்தக் காலியிலேதான். ஆனால் இந்தக் குடா எல்லோரையும் அன்போடு வரவேற்றதில்லை. நீருக்கடியில் பாறைகள் நிறைந்த வாசல் அது. அவொண்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பல் 1659 இல், குடாவுக்குள் வந்து சேர்ந்த பிறகும், நங்கூரம் நழுவிக் கரையோரத்தில் மோதி மூழ்கிப் போனது. அன்றைய மாலுமிக்குக் காற்றை விட்டால் வேறு கதி இல்லை.

இன்றைய பாய்ப்படகுக்கு ஒரு துணை இருக்கிறது. அதுதான் அடித்தட்டில் இருக்கும் சிறிய டீசல் இயந்திரம். காற்று விழுந்துவிட்டால், துறைமுகத்துக்குள் நுழைய வேண்டுமென்றால், பற்றரிக்கு மின்னேற்ற வேண்டுமென்றால் அதைத்தான் நம்புகிறார்கள். தாங்கியில் 200 லீற்றர் டீசல் இருக்கிறது என்று வையுங்கள். மணிக்கு இரண்டரை லீற்றர் செலவானால் 80 மணித்தியாலம் ஓடலாம். மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் 400 மைல் போகலாம். மீதி 700 மைலுக்குப் பாய்தான். ஆகவே டீசலைச் சிக்கனமாகவே செலவழிப்பார்கள். தாங்கி முழுதாக வெறுமையாவது அபூர்வம். பழைய டீசலின் மேலேயே புது டீசல் ஊற்றப்படும். அடியில் கிடப்பது அப்படியே கிடக்கும். வில்லங்கம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

தேங்காய் எண்ணெய்ப் போத்தலின் அடியில் மண்டி படிவதை நீங்கள் அறிவீர்கள். போத்தலைக் கழுவாமல் திரும்பத் திரும்ப ஊற்றினால் புது எண்ணெயும் காறிப் போகும். டீசலும் அப்படித்தான். காற்றுப் பட்டு, சூடு பட்டு, நாளாக ஆக அது கறுத்துப் பிசின் போன்ற கசடை விடும். நம் நாட்டைப் போன்ற வெப்பமான இடங்களில் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பாவித்து முடிப்பதே நல்லது என்பது பொதுவான கணக்கு.

கசடை விடவும் பொல்லாதது தண்ணீர். படகின் மேற்தளத்தில் டீசல் ஊற்றும் வாய்க்கு ஒரு மூடி உண்டு. அந்த மூடியின் றப்பர் வளையம் தேய்ந்தால் மழை நீரும் அலை நீரும் உள்ளே போகும். காற்றுப் போக்கிக் குழாய் வழியாகவும் ஈரம் நுழையும். தண்ணீர் டீசலை விடக் கனமானது, ஆதலால் அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லையில்தான் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. பக்டீரியாவும் பூஞ்சணமும் டீசலைத் தின்று, தண்ணீரில் வாழ்ந்து பெருகுகின்றன. கறுப்பும் கபிலமுமாக வழுவழுப்பான பாசி போல் படர்ந்து, அமிலத்தையும் விடுகின்றன. அந்த அமிலம் உலோகத் தாங்கியையே அரித்துவிடும்.

அமைதியான கடலில் இதெல்லாம் வெளியே தெரியாது. அலை எழும்பிப் படகு உருளும்போதுதான் அடிமண்டி கலங்கும். கலங்கிய அழுக்குக் குழாயில் ஏறி வடிகட்டியை அடைக்கும். இயந்திரம் மூச்சுத் திணறுவது போல் வேகம் குறைந்து, பிறகு நின்றுவிடும். அது எந்த நேரத்தில்? பெரும்பாலும் நடுக்கடலின் அமைதியில் அல்ல. கரையோர அலையில், பாறைகளுக்கு நடுவே துறைமுக வாசலில் நுழைகிற நேரத்தில். அப்போது ஒருவர் சுக்கானைப் பிடித்துப் படகைப் பாறைக்கு விலக்கி வைத்திருக்க, மற்றவர் கீழே இறங்கி வடிகட்டியை மாற்றி, குழாயில் புகுந்த காற்றையும் வெளியேற்றியாக வேண்டும். காற்றுப் புகுந்த டீசல் இயந்திரம் இயங்காது. மேலே சுக்கானில் நிற்பது பல படகுகளில் மனைவிதான். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகளின் உயிர் அவள் கையில்.

இதனால்தான் அனுபவசாலிகள் துறைமுகத்தில் நிற்கும்போதே தாங்கியைச் சோதிக்கிறார்கள். முதலில் தாங்கியின் அடியிலிருந்து சிறிது டீசலை உறிஞ்சி, கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஒரு நாள் அசையாமல் வைப்பார்கள். நல்ல டீசல் தெளிவாகப் பளபளக்கும். அடியில் தண்ணீர் பிரிந்தாலோ, நடுவில் நூல் நூலாகப் பாசி மிதந்தாலோ சுத்தம் செய்யும் வேளை வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த வேலை டீசல் முழுவதையும் வெளியே எடுப்பது. பின்பு தாங்கியின் மேலுள்ள சோதனை மூடியைத் திறந்து, அடியைச் சுரண்டி, நூல் உதிராத துணியால் துடைப்பார்கள். டீசல் ததும்பாமல் இருக்கத் தாங்கிக்குள் தடுப்புச் சுவர்கள் இருக்கும். அவற்றால் பிரிக்கப்பட்ட ஒவ்வோர் அறையையும் தனித்தனியே துடைக்க வேண்டும். ஓர் அறையை விட்டால் உழைப்பெல்லாம் வீண். எடுத்த டீசலில் தெளிந்திருப்பதை வடிகட்டி வழியாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பாவிக்கலாம். அந்த வடிகட்டிகள் 10 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துகளையும் பிடிக்கும்.

கிருமிகொல்லி மருந்து ஊற்றினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். மருந்து கிருமியைக் கொல்லும், உண்மை. ஆனால் செத்த கிருமி மறைந்து போவதில்லை. அதுவே உதிர்ந்து வந்து வடிகட்டியை அடைக்கும். துடைத்த பிறகே மருந்து.

மிஞ்சிய அழுக்கு டீசலை என்ன செய்வது? இருட்டில் கடலில் ஊற்றிவிடுவது சுலபம். ஆனால் அதே குடாவில்தான் நம் மீனவர்களின் வலை விழுகிறது. கடலில் எண்ணெய் கொட்டுவது சர்வதேச ஒப்பந்தத்தின்படியும், இலங்கையின் 2008 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். பீப்பாயில் அடைத்து, கழிவெண்ணெய் ஏற்பவர்களிடம் கரையிலே ஒப்படைப்பதுதான் முறை.

பாய்ப்படகுக்காரியின் கவலை நமக்கெதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் நாள்கணக்காக வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. கிடைத்ததைக் கேனில் நிரப்பி வைத்த வீடுகள் எத்தனை! அந்தக் கேன்களில் சில இன்னும் கொல்லைப்புற மூலையில் கிடக்கலாம். அப்படியொன்று உங்கள் வீட்டில் இருந்தால், ஜெனரேட்டரிலோ வாகனத்திலோ அதை ஊற்ற விடாதீர்கள். கலங்கலான டீசல் சில நிமிடத்தில் பெருஞ்செலவு வைத்துவிடும். வடிகானில் கொட்டவும் வேண்டாம்; அது கிணற்று நீரைக் கெடுக்கும். பெற்றோல் என்றால் இன்னும் அவதானம் தேவை. அதன் ஆவி சாதாரண வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது. அடுப்புள்ள வீட்டுக்குள் அது இருக்கவே கூடாது.

இனி எரிபொருள் வைக்க நேர்ந்தால், அதற்கென்றே செய்த கேனில், இறுக மூடி, வெயில் படாத வெளியிடத்தில் வையுங்கள். ஊற்றிய திகதியை எழுதி ஒட்டுங்கள். மண்ணெண்ணெயையோ டீசலையோ சோடாப் போத்தலில் மட்டும் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் ஓடிவரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இன்றைக்கே ஒருமுறை கொல்லைப்புறம் போய், மறந்து கிடக்கும் கேன்களையும் போத்தல்களையும் பார்த்துவிடுங்கள்.