தொட்டித் தண்ணி

1981 பிப்ரவரியில் தென்காசி பக்கம் மீனாட்சிபுரத்தில் நம்ம சனம் ஏறக்குறைய 180 குடும்பம் இஸ்லாத்துக்குப் போச்சு. நாடே அமளிப்பட்டது. தலைவர்கள் வந்தாங்க, சாமியார்கள் வந்தாங்க, வளைகுடாப் பணம்னு எழுதினாங்க. எங்க தெருவுல பணத்தைப் பத்தி யாரும் பேசினதா ஞாபகம் இல்லை. "உள்ள போயி எல்லாரோடயும் உக்காரலாமாம்ல" என்பதுதான் பேச்சு. அப்போ நான் ஆறாவது படிச்சேன்.

பெரியவனானப்புறம் எனக்கு இதிலெல்லாம் சந்தேகம். வேதத்தில் சேர்ந்த எங்க பெரியம்மா வீட்டாருக்குக் கோயிலில் தனிப் பக்கம், கல்லறையும் தனி. வடக்கன்குளத்தில் ரெண்டு சாதிக்கு நடுவில் சுவர் வச்சே கோயில் கட்டின சீமை இது. அந்தச் சுவர் இடிபட 1910 வரை ஆச்சு. எந்தச் சாமி வீட்டுக்குப் போனாலும் நமக்கு எது இடம்னுதான் முதல்ல என் கண் தேடும்.

1994இல் ஒரு வெள்ளிக்கிழமை, கூட வேலை பார்த்த நண்பன் மேலப்பாளையத்தில் ஜும்ஆ தொழுகைக்கு என்னையும் கூட்டிட்டுப் போனான். நான் இன்ன சாதின்னு உங்க ஆளுகளுக்குத் தெரியுமான்னு கேட்டேன். "தெரியும், வால" என்றான்.

முற்றத்தில் பெரிய தண்ணித் தொட்டி. சுத்தி உக்காந்து கை, வாய், மூக்கு, முகம், கால் என்று கழுவுறாங்க. பீடி சுத்துறவர், ஜவுளிக்கடை முதலாளி, எல்லாரும் அதே தொட்டி. நான் தள்ளி நின்னேன். நண்பனோட அத்தா, "காலெல்லாம் தூசியா இருக்கே, கழுவிட்டு வாங்க தம்பி" என்றார்.

எங்க ஊர்க் கிணத்துல நாங்க வாளி இறக்கக் கூடாது. யாராவது வந்து இறைச்சு, எட்ட நின்னு நம்ம குடத்துல ஊத்தணும். வெயிலில் அதுக்காக எங்கம்மா மணிக்கணக்கா நின்னிருக்கா. 1927 மார்ச் 20இல் மகாத் சௌதார் குளத்தில் பாபாசாகேப் தண்ணி குடிச்சதையும், ஊர்க்காரங்க திரண்டு அடிச்சதையும், பிறகு சாணியும் மாட்டு மூத்திரமும் ஊத்திக் குளத்தைச் 'சுத்தம்' பண்ணினதையும் படிச்சிருக்கேன். வழக்கு 1937 வரை இழுத்தது. அதெல்லாம் மண்டையில் ஓட, யாராவது எழுந்து போறாங்களான்னு ஓரக்கண்ணால் பார்த்துக்கிட்டேதான் தொட்டியில் கையை விட்டேன். பக்கத்துக் கிழவர் தன் பாட்டுக்குக் காதைத் தடவிக்கிட்டிருந்தார்.

உள்ளே பின்சுவரோரம் உக்காந்தேன். தமிழில் பயான், அப்புறம் அரபியில் குத்பா. தொழுகைக்கு எழுந்ததும் தோளோடு தோள் ஒட்டி நிக்கிறாங்க. முன்வரிசையில் சந்து இருந்தால் பின்னால் நிக்கிறவர் போய் அடைக்கணுமாம். முந்தி வந்தவர் முன்னால், அவ்வளவுதான். பள்ளிக்கூட வாசலில்கூட எனக்கு இந்த வரிசை வாய்க்கலை.

அல்லாஹ் மேல் அன்னைக்கு நம்பிக்கை ஒண்ணும் வந்துடலை. வெளியே வந்து, மாறி வந்தவங்களுக்குப் பொண்ணு குடுப்பீங்களான்னு கேட்டேன். நண்பன் கொஞ்ச நேரம் பேசலை. "தொழுகையில கேக்க மாட்டாங்க, கல்யாணத்துல கேப்பாங்க" என்றான். பொய் சொல்லாததால் அவனை இன்னும் பிடிச்சது. சர்க்காரும் தன் பங்குக்கு ஒரு கதவைச் சாத்தியிருக்கு. 1950ஆம் வருச ஆணைப்படி பட்டியல் சாதிச் சான்று இந்துவுக்குத்தான். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தாங்க. முஸ்லிமானாலும் கிறிஸ்தவரானாலும் சான்று போச்சு. சாதி போச்சான்னு அந்த ஆணை கேக்கிறதில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சாமி, தொழுகை எதையும் அம்மா கேக்கலை.

"தண்ணிய யாரு மோந்து ஊத்துனா?"

"நாந்தாம்மா மோந்தேன்."

அடுப்பை ஊதுறதை நிறுத்திட்டு என் கையைப் பார்த்தா. "பொம்பளயளும் மோக்கலாமா எய்யா?"

அங்க பொம்பளைங்க யாரையும் பார்க்கலைம்மான்னேன்.

"அப்ப சரி" என்று மறுபடி ஊத ஆரம்பிச்சா.