ஒற்றியூர் ஓட்டம்

ஓசூரில் லாரி செய்யும் தொழிற்சாலையில் பணிபுரியும் ஒருவர், கோடை விடுமுறை தொடங்கியதும் மனைவியோடும் மகனோடும் காரில் ஏறிப் பிறந்த ஊருக்குப் புறப்படுவார். அவர் பிறந்த ஊர் வடசென்னையைச் சார்ந்த திருவொற்றியூர். அவர்தம் தந்தையார் எண்ணூரில் உள்ள தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். 1948ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் என்று தோன்றி, 1955ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய தொழிற்சாலை அது. 1980ஆம் ஆண்டில் அது ஓசூரிலும் ஒரு கிளையை நாட்டியது. தந்தை செய்த தொழிலையே மகன் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து செய்துவருகிறார்.

அவருக்கு நாள்தோறும் விடியலில் ஓடும் வழக்கம் உண்டு. பயணத்திலும் அவ்வழக்கத்தை விடுவதில்லை. இல்லத்தார் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கும்போது அவர் முதலில் எடுத்து வைப்பது ஓடுவதற்குரிய காலணியே. காரில் விரைந்து செல்பவர் கண்ணால் ஊரைக் காண்பர். ஓடுபவரோ காலாலும் மூச்சாலும் அதனை அறிவர். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் சென்ற பயணம் இதனை நன்கு விளக்கும்.

ஓசூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்தது. கத்திரி வெயில் காயும் நாளிலும் அங்கே விடியற்காலை இதமாக இருக்கும். புறப்படும் நாளன்று அங்கு ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்தே காரைச் செலுத்தினார். அன்றிரவு வேலூரில் உறவினர் வீட்டில் தங்கல். மறுநாள் விடியலில் கோட்டையின் அகழியை ஒட்டி ஓடினார். அனல் அடங்காத காற்று. ஆயினும் உலர்ந்த காற்று. உடலில் அரும்பிய வியர்வை அரும்பிய இடத்திலேயே உலர்ந்தது. தொண்டை வறண்டதேயன்றிக் கால் தளரவில்லை.

வேலூரைக் கடந்து கிழக்கே வரும்போது வாலாஜாபேட்டை வழியில் வரும். தென்னாட்டின் முதல் ரயில், 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு இப்பகுதிக்கே வந்தது. இராயபுரத்தில் அன்று எழுப்பிய நிலையக் கட்டடம் இன்றும் தூண்களோடு நிற்கிறது. காரில் இருந்த மகன், எட்டாம் வகுப்பு மாணவன், இச்செய்தியைக் கேட்டு, "அப்படியானால் நாம் அந்த ரயிலின் திரும்பு பயணத்தைத்தான் செய்கிறோமா, அப்பா?" என்றான். பிள்ளைகளின் கேள்வி சில வேளை பெரியோர் விளக்கத்தினும் அழகுடைத்து.

திருவொற்றியூரில் முதல் நாள் விடியலில் அவர் தெற்கு நோக்கி ஓடினார். அதே ஐந்து கிலோமீட்டர்தான், ஓடியவையும் அதே கால்கள்தாம். ஆனால் ஓசூரினும் ஆறு நிமிடம் மிகுதியாக ஆயிற்று. சட்டை நீரில் தோய்த்தாற்போல் நனைந்திருந்தது. காரணம் யாது? வியர்வை தோன்றுவதனால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகிச் செல்லும்போதுதான் உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. கடற்கரைக் காற்றிலோ முன்னமே ஈரம் நிறைந்திருக்கும். நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஏது? ஆகவே வியர்வை உலராது உடலிலேயே வழியும். வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். இதயம் இருமடங்கு வேலை செய்வதுபோல் துடிக்கும்.

மற்றொரு காரணமும் உண்டு. பகலில் கடற்காற்று கரைநோக்கி வீசும். இரவிலும் விடியலிலும் நிலத்திலிருந்து கடல்நோக்கி மெல்லிய காற்று வரும். திருவொற்றியூருக்கு மேற்கே மணலி. அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது; உர ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் அதனைச் சூழ எழுந்தன. விடியற்காற்று அவ்வழியாக வரும் நாளில் மூக்கை உறுத்தும் ஒரு நெடியையும் உடன் கொணரும். வாளாவிருக்கும் மனிதன் நிமிடத்திற்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உட்கொள்கிறான். ஓடுகின்றவனோ அதனைப் போல் பத்து மடங்கு உட்கொள்வான். எனவே ஊரின் காற்று எத்தகையது என்பதை ஓடுகின்றவன் மற்றையோர்க்கு முன்னரே அறிந்துகொள்வான்.

நெடி மிகுந்த நாள்களில் மகனை உடன் வர வேண்டாவென்று அவர் தடுத்துவிட்டார். மகன் கேட்டான்: "இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மூச்சு விடாமலா ஓடுகிறார்கள்?"

அவர் விடை கூறவில்லை. காலணியின் கயிற்றை முடிந்துகொண்டு வெளியே சென்றார்.

தெற்கே காசிமேடு வரையில் உள்ள வழி கண்ணுக்கு விருந்து. துறைமுகத்திற்குச் செல்லும் பெட்டக லாரிகள் சாலையோரத்தில் நெடுந்தொலைவு வரிசையாக நிற்கும். ஓட்டுநர்கள் சிலர் வண்டியின் அடியிலேயே பாய் விரித்து உறங்குவர். அடுப்பு மூட்டித் தேநீர் காய்ச்சுவோரும் உண்டு. அவர்களுள் ஒருவர், நாள்தோறும் ஓடிவரும் இவரைக் கண்டு, "அண்ணே, எங்கள் வண்டியைவிட நீங்கள்தான் விரைவாகத் துறைமுகம் சேர்வீர்கள்" என்றார். மெய்தான். அவ்வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. வடசென்னை குத்துச்சண்டைக்குப் பேர்போன நிலம். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்னும் பரம்பரைப் பெயர்களை இன்றும் முதியோர் பெருமிதத்தோடு கூறுவர். கைகளில் துணி சுற்றிய இளைஞர் சிலர் அச்சாலையில் அவரைக் கடந்து ஓடினர். நாற்பத்தைந்து அகவையினர் அவர்களோடு போட்டியிடாமை அறிவுடைமையே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடித்தல் கூடாது. மீன்கள் இனம் பெருகுவதற்காக அரசு வகுத்த 61 நாள் தடை அது. ஆதலால் மே மாதத்தில் காசிமேட்டுத் துறைமுகம் வேறு கோலம் கொண்டிருக்கும். விசைப்படகுகள் தோளோடு தோள் உரச நிற்கும். மரத்தச்சர் பலகை மாற்றுவர். வண்ணம் தீட்டுவோர் ஏணியில் நிற்பர். வலை பழுதுபார்ப்போர் வட்டமாக அமர்ந்து நூல் கோப்பர். பிற மாதங்களில் மீன் கூடைகளும் ஏலக் குரலுமாக நெருங்கிக் கிடக்கும் இடத்தில், அக்காலத்தில் தடையின்றி ஓடலாம். சிறு படகினர் மட்டும் விடியலில் கொணரும் மீனைக் கரையில் விற்பர்.

ஒரு நாள் திரும்பும் வழியில் களைத்துக் கடலோரக் கருங்கற் சுவரில் அமர்ந்தார். அருகில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர், "தம்பி, எதைத் துரத்துகிறாய்?" என்று வினவினார். பின்னர்த் தம் கையிலிருந்த ஊசியால் அலைகளுக்கு அப்பால் ஓர் இடத்தைச் சுட்டி, "அங்கேதான் எங்கள் பாட்டன் வீடு இருந்தது. வீட்டுக்கு முன்னால் மணல், மணலுக்கு முன்னால் படகு, அதற்கும் அப்பால்தான் கடல்" என்றார். அவர் சுட்டிய இடத்தில் அப்போது அலை புரண்டுகொண்டிருந்தது.

கடல் ஊரை விழுங்கிய வரலாறு அறியத்தக்கது. சென்னைக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகின்றன. அவற்றோடு மணலும் இடையறாது வடக்கு நோக்கி நகர்கிறது. ஓரிடத்து மணலை அலை வாரிச்சென்றால் தெற்கிலிருந்து புதுமணல் வந்து அவ்விடத்தை நிரப்பும். கரை அங்ஙனமே நிலைபெற்றிருந்தது. 1870களில் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர்களை நீட்டத் தொடங்கினர். 1881ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். சுவர் நகரும் மணலைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினாவின் அகன்ற கரை ஆயிற்று. வடக்கே இராயபுரம் முதலாக எண்ணூர் வரை மணல் வரவு நின்றது. செலவு மட்டும் நிற்கவில்லை. வரவில்லாமல் செலவே நடக்கும் குடும்பத்தின் நிலை யாது ஆகும்? தெருத் தெருவாகக் கரை கரைந்தது. மெரினாவில் காற்று வாங்குவோருள் எத்துணைப் பேர், தாம் அமர்ந்திருக்கும் மணல் யாருடைய வாசலுக்குச் செல்ல வேண்டியது என்று எண்ணிப் பார்ப்பர்? பின்னாளில் கரையோரம் கருங்கல் கொட்டினர். கடலுக்குள் குறுக்காகக் கற்கரைகளும் அமைத்தனர். வளைந்து நீளும் அக்கற்கரையை மீனவர் தூண்டில் வளைவு என்பர். அதனருகே சிறிது மணல் சேர்ந்த இடங்களில் சிறுவர் பந்து விளையாடுகின்றனர்.

ஊழிக்காலத்துப் பெருவெள்ளத்தை இறைவன் ஒற்றிப் போகச் செய்தமையால் ஒற்றியூர் எனப் பெயர் வந்தது என்று தலபுராணம் கூறும். கடலை விலக்கிய கதையைப் பெயரில் தாங்கிய ஊரின் கரை, கடலுக்கு இரையாயிற்று.

வடக்கு நோக்கிய ஓட்டம் வேறு வகையினது. தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய விம்கோ நகர், எர்ணாவூர், அதன்பின் எண்ணூர்க் குப்பங்கள். 1970ஆம் ஆண்டில் மின்னாக்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் மூடப்பட்டது. அதற்கும் இரு திங்களுக்கு முன், அவ்வாண்டு சனவரி 28ஆம் நாள், எண்ணூருக்கு அப்பால் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. எர்ணாவூர்க் கரையில் மீனவரும் மாணவரும் கூடி வாளிகளால் அதனை அள்ளினர். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. படகும் வலையும் கரிய பிசினாயின. அம்மாத இறுதியில், நள்ளிரவில், கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா ஆவி பெரியகுப்பத்து மக்களை வீட்டைவிட்டு ஓடச் செய்தது. தாயர் குழந்தைகளைத் தோளில் இட்டு இருளில் ஓடிய சாலையும் இதுவே. உடல்நலத்தின் பொருட்டு ஓடுதல் ஒன்று. உயிரின் பொருட்டு ஓடுதல் மற்றொன்று.

கொசத்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அவர் நின்றார். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த நீரில், இடுப்பளவு ஆழத்தில் மக்கள் சிலர் குனிந்து கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். பிடித்த இறாலை இடும் பறியை வாயில் கவ்வியிருந்தனர். அவர் ஓடத் தொடங்குமுன்னரே அவர்கள் நீரில் இறங்கியிருத்தல் வேண்டும்.

வீடு திரும்பியதும் தந்தையாரிடம் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வியை மீண்டும் கேட்டார்: "அப்பா, இந்தக் காற்றில் எத்தனை நாள் இருமிக்கொண்டிருப்பீர்கள்? எங்களுடன் ஓசூருக்கு வந்துவிடுங்கள்."

முதியவர் முறுவலித்தார். "இந்த ஊரில் சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்த சுந்தரர், எல்லையைத் தாண்டியதும் கண்ணிழந்தார். கதை தெரியாதா, தம்பி?"

"அவர் ஆரூர் விழாவை எண்ணித்தானே போனார்? காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் ஒரு கண்ணும் திரும்ப வந்தனவே!"

"வந்தன. அவருக்கு ஆரூர் இருந்தது. எனக்கு இதுதான் ஆரூர்" என்றார் தந்தையார். சற்று நேரம் கழித்து, "ஓசூரில் ஒரு மாதம் இருந்து பார்த்தேனே. காற்று நன்றாகத்தான் இருந்தது. அந்தக் காற்றில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை" என்றார். அடுக்களையில் இருந்த மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டாள்.

புறப்படுவதற்கு முன்னாள் அவர் ஓடவில்லை. தந்தையாரையும் மகனையும் அழைத்துக்கொண்டு தூண்டில் வளைவு வரை நடந்தார். ஓடினால் பன்னிரண்டு நிமிட வழி. அன்று ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. பத்தடிக்கு ஒருவர் முதியவரை நிறுத்தினர். தேநீர்க் கடைக்காரர் கண்ணாடிக் குவளையை நீட்டினார். உடன் பணிசெய்த ஒருவர் முழங்கால் வலியைப் பற்றி விரிவாகப் பேசினார். மீன் விற்கும் அம்மையார், "பேரனா? உன்னைப்போலவே நெற்றி" என்று சிறுவன் கன்னத்தைக் கிள்ளினார். பத்து நாளாக அதே வழியில் ஓடியவரை அவர்களுள் ஒருவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

கற்கரையின் நுனியில் மூவரும் அமர்ந்தனர். கடற்காற்று எழுந்து வியர்வையை ஆற்றியது. முதியவர் இருமினார், இருமல் அடங்கியதும் மகனைப் பார்த்து, "அடுத்த ஆண்டும் ஜூன் பதினான்குக்குள் வந்துவிடு. தடை முடிந்து படகுகள் போய்வரத் தொடங்கினால் காசிமேட்டில் நடக்கவும் இடம் இராது. அப்புறம் எங்கே ஓடுவாய்?" என்றார்.