நான் போகாத பொருட்காட்சி



இந்த முறை சுவர் இதழில் ஒரு பொருட்காட்சியைப் பற்றி எழுதப் போகிறேன். பொருட்காட்சின்னதும் ராட்டினம், டெல்லி அப்பளம்னு நினைச்சுடாதீங்க. இது அமெரிக்காவில், பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், நடந்த வீடியோ கேம் பொருட்காட்சி. முழுப் பெயர் எலக்ட்ரானிக் என்டர்டெயின்மென்ட் எக்ஸ்போ. சுருக்கமாக இ-த்ரீ. 1995-ஆம் வருடம் மே மாதம் முதன்முதலாக நடந்தது. கேம் கம்பெனிகள் எல்லாம் தாங்கள் புதுசா செய்ததைக் கடைக்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் காட்டுவதற்காக வைத்தது. பொதுமக்களுக்கு என்று 15,000 டிக்கெட் விற்றதே 2017-ல்தான்.

எங்க பெரியப்பா வீட்டு அண்ணன்தான் லீவில் இதன் பழைய வீடியோக்களை செல்லில் போட்டுக் காட்டினான். துப்பாக்கிச் சண்டை வந்தால் அவன் நிமிர்ந்து உட்காருவான், நான் காதைப் பொத்திக்குவேன். அதில் வந்த ஒரு விளையாட்டைக்கூட நான் விளையாடியது கிடையாது. அதனால் எந்த விளையாட்டு நல்லது என்று தீர்ப்பு சொல்ல வரவில்லை. எனக்குப் பிடித்தது மேடையில் ஏறிய ஆட்கள்.

முதல் வருடக் கதையை அண்ணன் வாயால்தான் கேட்டேன். செகா கம்பெனிக்காரர் மேடையேறி, செப்டம்பரில் வரவேண்டிய எங்கள் சாட்டர்ன் இப்பவே கடைக்கு வந்தாச்சு, விலை 399 டாலர் என்று அறிவித்தாராம். எல்லோரும் அசந்து போயிருக்கிறார்கள். பிறகு சோனி கம்பெனியின் முறை. ஸ்டீவ் ரேஸ் என்பவர் பேப்பரோடு மைக் முன்னால் வந்தார். பெரிய சொற்பொழிவு என்று எல்லோரும் காத்திருக்க, "டூ நைன்ட்டி நைன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். 100 டாலர் குறைவு! அவ்ளோதான், ஒரே கைதட்டல். பேச்சுப் போட்டியில் ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசியும் மூன்றாம் பரிசுகூட வாங்காத எனக்கு அந்த ஆளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

2013-ல் நடந்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான். மைக்ரோசாஃப்ட் தன்னுடைய புது எக்ஸ்பாக்ஸுக்கு நிறைய கட்டுப்பாடு வைத்திருந்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்டர்நெட்டில் இணைக்கணும், வாங்கின டிஸ்க்கை பிரெண்டுக்குக் கொடுக்கவும் ஆயிரத்தெட்டு விதி. சோனிக்காரர்கள் ஒரு குட்டி வீடியோ விட்டார்கள். நண்பனுக்கு கேம் கொடுப்பது எப்படி என்று விளக்கும் வீடியோ. ஒருவர் டப்பாவை நீட்டுகிறார், இன்னொருவர் தேங்க்ஸ் சொல்லி வாங்கிக்கொள்கிறார். வீடியோ முடிந்தது! ஸ்கெட்ச், காம்பஸ், ஊறுகாய் எல்லாம் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறுகிற நம்ம வகுப்புக்கு இது உடனே புரியும். அந்த மாதமே மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளை எடுத்துவிட்டது.

இனிமேல்தான் என் விஷயம். 2015-ல் இஏ கம்பெனியின் மேடை. பெரிய திரை, கண் கூசும் விளக்கு. சுவீடன் நாட்டிலிருந்து மார்ட்டின் சாலின் என்று ஒருவர் வந்தார். கையில் ஒரு சிவப்பு நூல் பொம்மை. பேச ஆரம்பிக்கும்போதே கை நடுங்குகிறது. பொம்மையும் சேர்ந்து நடுங்குகிறது. நான் செல்லைப் பிடுங்கி மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவர் நடுக்கத்தை மறைக்கவில்லை. தயாரித்து வந்ததைச் சொல்லி முடித்தார். கூட்டம் கேலி செய்யாமல் கைதட்டியது.

அந்தப் பொம்மையின் பெயர் யார்னி. குடும்பத்தோடு வெளியே முகாம் போயிருந்த இடத்தில் கிடைத்த கம்பியையும் நூலையும் வைத்து முதல் பொம்மையை அவரே முறுக்கிச் செய்தாராம். அதுதான் அன்ராவல் என்ற விளையாட்டின் கதாநாயகன். யார்னி நடக்க நடக்க அதன் உடம்பு நூல் பிரிந்துகொண்டே போகும். அந்த நூலை வைத்தே ஊஞ்சல் ஆடும், பாலம் கட்டும். நூல் தீர்ந்தால் நகர முடியாது, வழியில் வேறு நூல் தேடணும். இதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. 2016 பிப்ரவரியில் அது வெளிவந்தது.

2017-ல் டேவிடே சோலியானி என்ற இத்தாலிக்காரர் கூட்டத்தில் உட்கார்ந்து அழுததையும் பார்த்தேன். மரியோவை உருவாக்கிய ஜப்பானியர் மியாமோட்டோ மேடையிலிருந்து இவருடைய பெயரைச் சொன்னார். சின்ன வயசிலிருந்து யாருடைய விளையாட்டை நேசித்தாரோ அவரே. அழாமல் என்ன செய்வார்?

மேடைக்கு வருவது பெரும்பாலும் ஆண்கள்தான். "இதெல்லாம் பசங்க சமாச்சாரம்" என்று எங்க பாட்டி சொல்வது சரிதானோ என்று இருந்தது. அப்போதுதான் அண்ணன் 2019 வீடியோவைப் போட்டான். ஜப்பானைச் சேர்ந்த இக்குமி நகமுரா சிரித்துக்கொண்டே வந்தார். டோக்கியோவில் மனிதர்கள் திடீரென்று மறைந்துபோகும் கோஸ்ட்வயர் என்ற கதையைச் சொன்னார். சரளமான இங்கிலீஷ் இல்லை. அதனாலென்ன, கை பேசியது, முகம் பேசியது, மொத்தக் கூட்டத்துக்கும் புரிந்தது. (இங்கிலீஷ் டீச்சர் கோபிச்சுக்காதீங்க. நான் கிராமர் படிச்சுடறேன்.) அன்றைக்கே உலகம் முழுக்கப் பலர் அவரைப் படமாக வரைந்து போட்டார்களாம்.

அவரே ஒரு ஓவியர்தான். விளையாட்டு செய்யத் தொடங்கும் முன்பே அந்த ஊர் எப்படி இருக்கும், பேய் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டுகிற வேலை பார்த்தவர். அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ரெக்கார்டு நோட்டு தவிர வேறெங்கே வரைந்தாலும் திட்டு வாங்குகிற ஆள் நான், சந்தோஷம் எப்படி இருந்திருக்கும்! பாட்டியிடம் வீடியோவைக் காட்டினேன். "பொண்ணு தைரியமாத்தான் பேசுது" என்றார்கள். அதே வருடம் நகமுரா அந்தக் கம்பெனியை விட்டு விலகிவிட்டார். 2022-ல் டோக்கியோவில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்.

நாமும் பெரியவளானதும் அங்கே போகணும் என்று அண்ணனிடம் சொன்னேன். அது இனி கிடையாதே என்றான். கொரோனாவால் 2020-ல் நடக்கவில்லை, 2021-ல் ஆன்லைனில் மட்டும், 2022-லும் 2023-லும் ரத்து. 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடியாச்சு என்று அறிவித்துவிட்டார்கள். இப்போது பெரிய கம்பெனிகள் தாங்களே வீடியோ எடுத்து வெளியிடுகின்றன. செலவு மிச்சம், வேலை சுலபம் என்று அண்ணன் சொல்கிறான். இருக்கலாம். ஆனால் வீடியோவில் கை நடுங்கினால் வெட்டிவிட்டு மறுபடி எடுத்துடுவாங்களே!

யார்னி பொம்மையை நான் பாதி செய்திருக்கிறேன். கட்டுக்கம்பி கிடைத்துவிட்டது. சிவப்பு உல்லன் நூல்தான் பத்தவில்லை, தலையும் நிற்க மாட்டேங்குது. யாரிடமாவது மிச்சம் நூல் இருந்தால் மதியச் சாப்பாட்டு பெல் அடித்ததும் 9-ஆம் வகுப்புக்குக் கொண்டு வாங்க.