மேல மாசி வீதியில் ஒரு வேட்டிக் கணக்கு

மதுரையில் அண்ணன் வீட்டுக்குப் போனவன் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்று எண்ணினால் நடக்கிற காரியமா? காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மதினியின் ஜாபிதா வந்துவிட்டது. ரவிக்கை தைக்கக் கொடுக்க வேண்டும். அண்ணனுக்குச் சட்டை, வேட்டி. கடைசியில் மல்லிகைப் பூ. “பூவை முதல்லே வாங்கினா வாடிப் போகும், தம்பி” என்று சொல்லி மதினியும் உடன் புறப்பட்டார்.

ரவிக்கைத் துணியை முன்பெல்லாம் புது மண்டபத்தில்தான் கொடுப்பார்கள். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் சிற்பங்களுக்கு நடுவே தையல் இயந்திரங்கள் கடகடக்கும். இப்போது கடைகளைக் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது, சரிதான். எனக்கென்னவோ அந்தக் கடகடப்பு இல்லாமல் கோயில் வாசலே ஊமையாகிவிட்டது போலிருந்தது.

சட்டைக் கடையில் பேச்சு வரியைப் பற்றித் திரும்பிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. மாறியது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 2,500 ரூபாய் வரை 5 சதவிகிதம், அதற்கு மேல் 18. முன்பு ஆயிரத்தைத் தாண்டினாலே 12. மதினி விரல் மடக்காமலே கணக்குப் போட்டுச் சட்டையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். நிதி மந்திரிகள் வரவு செலவுத் திட்டம் போடுமுன் இப்படி ஒரு மதினியைக் கலந்துகொண்டால் என்ன?

அந்தத் தேதி என் மனத்தில் தங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1921-ல் அதே செப்டம்பர் 22-ஆம் தேதிதான் இதே ஊரில், மேல மாசி வீதி வீட்டு மாடியில், காந்திஜி முழு வேட்டியையும் சட்டையையும் தொப்பியையும் துறந்து அரைத்துணிக்கு மாறினார். சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் ரயிலில் கூட வந்தவர்களிடம் கதர் கட்டச் சொல்லியிருக்கிறார். ‘நாங்கள் ஏழைகள், கதர் வாங்கக் கட்டுப்படியாகாது’ என்றார்களாம். அவரால் அதை மறுக்க முடியவில்லை. அக்டோபர் 31 வரை இப்படி இருப்பதென்றுதான் முதலில் அறிவித்தார். கடைசி நாள் வரை அதுவே உடையாயிற்று.

அந்த வீட்டில் இன்று கீழே கதர்க் கடை. வேட்டியை விரித்துப் பார்த்த மதினி என் காதோடு சொன்னார்: “இந்த விலைக்கு விசைத்தறி வேட்டி ரெண்டு வாங்கலாம், தம்பி.”

கையால் நூற்று, கையால் நெய்த துணி இயந்திரத் துணியோடு விலையில் போட்டி போட முடியாது என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். ரயிலில் வந்தவர்கள் சொன்னதைத்தானே மதினியும் சொல்கிறார்! மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவரிடம், இரண்டு வேட்டியை விட்டு ஒன்றை வாங்குங்கள் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? என் உடம்பில் இருந்ததோ மில் சட்டை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மதினி ஒரு துண்டு மட்டும் வாங்கினார்.

வீடு தல்லாகுளத்தில். வைகைப் பாலம் தாண்டித் தமுக்கத்தில் இறங்கினோம். ராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959-ல் திறந்த காந்தி மியூசியத்தில், 1948 ஜனவரி 30 அன்று அவர் உடுத்தியிருந்த துணி இருக்கிறது, இரத்தக் கறையோடு. மதினி கண்ணாடிக்கு முன்னால் வெகு நேரம் நின்றார். விலையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

வாசலுக்கு வந்த பிறகுதான் திடுக்கிட்டார்: “ஐயையோ! பூ வாங்க மறந்துட்டமே, தம்பி!”