பிவா ஏரியும் தூண்டில் நரம்பும்

மல்மல் துணிக்குச் சணல் கயிறும், கித்தான் பைக்கு மெல்லிய நூலும் கோத்துத் தைக்கிறவர் உண்டா? துணியைத் தொட்டுப் பார்த்த பிறகுதானே நூற்கண்டை எடுக்கிறீர்கள்! அந்தக் கைப்பழக்கம் உள்ள உங்களை இன்று ஜப்பானில் ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறேன். "மீன் பிடிக்கவா? சிவ சிவா!" என்று முகம் சுளிக்காதீர்கள். நாம் கவனிக்கப் போவது மீனை அல்ல; அதைப் பிடிக்கும் நரம்பை.

கியோட்டோவில் ரயில் ஏறினால் சுமார் பத்து நிமிஷத்தில் ஓட்ஸு நகரம். சற்று நடந்தால் பிவா ஏரி. ஜப்பானிலேயே பெரிய ஏரி. பரப்பு ஏறக்குறைய 670 சதுர கிலோமீட்டர். 'பிவா' என்பது வீணை மாதிரி ஒரு நரம்பு வாத்தியம். ஏரியின் வடிவம் அப்படி இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். வடக்கே சிகுபு என்ற சிறு தீவில் பென்சைடென் கோவில் இருக்கிறது. ஜப்பானியப் படங்களில் பிவா வாசிக்கும் அந்தத் தேவி யார் தெரியுமா? சாட்சாத் நம் சரஸ்வதிதான்!

இந்த ஏரியில் தூண்டில்காரர்கள் தேடி வருவது 'பாஸ்' என்ற அமெரிக்க மீனை. 1925-ல் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்ட இந்த ஜாதி, 1974-ல் பிவாவிலும் தென்பட்டது. 2009 ஜூலை 2-ம் தேதி இங்கே பிடிபட்ட பாஸ் ஒன்று 10.12 கிலோ இருந்தது! 1932-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஏற்பட்ட உலக சாதனைக்கு அது சமமாயிற்று.

ஆனால் பாஸ் மீனுக்குச் சந்தேகம் ஜாஸ்தி. பலர் தூண்டில் போடும் இடத்தில் பெரிய இரையைக் கண்டாலே விலகிப் போகும். அப்போது விரல் நீளத்தில் ரப்பர் புழு, இரண்டு மூன்று கிராம் ஈயக்குண்டு, மெல்லிய நரம்பு என்று எல்லாவற்றையும் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும். இந்த நாசூக்கு வித்தைக்கு 'ஃபினெஸ்' என்று பெயர்.

எந்த நரம்பு வாங்குவது? தையல் நூலில் 40-ஐவிட 60-ம் நம்பர் மெல்லியது அல்லவா? இங்கே நேர்மாறு. நம்பர் ஏற ஏறக் கனமும் ஏறும். ஜப்பானில் 1-ம் நம்பர் நரம்பு 0.165 மில்லிமீட்டர், ஃப்ளோரோகார்பனில் அது சுமார் 4 பவுண்டு, அதாவது 1.8 கிலோ இழுப்பைத் தாங்கும். ஃப்ளோரோகார்பன், நைலானைவிடத் தண்ணீருக்குள் கண்ணுக்குப் படாது. சீக்கிரம் மூழ்கவும் செய்யும்.

சரி, மெல்லியதே மேல் என்று வாங்கிவிடலாமா? பொறுங்கள். ஏரியின் இடுப்பில் ஒரு நீண்ட பாலம் இருக்கிறது. அதற்கு வடக்கே ஆழம், தெளிந்த நீர். அங்கே 4 முதல் 6 பவுண்டு நரம்பு அழகாக வேலை செய்யும். கனத்த நரம்பு கட்டினால் சின்னப் புழு விறைத்து நின்று குட்டை உடைத்துவிடும். பாலத்துக்குத் தெற்கே ஆழம் குறைவு. கோடைக்காலத்தில் பாசிக்கொடி அடர்ந்து கிடக்கும். முள்ளில் மாட்டிய மீன் கொடிக்குள் பாய்ந்து சுற்றிக்கொண்டால் 4 பவுண்டு நரம்பு என்ன செய்யும்? பட்டென்று போய்விடும். அங்கே 10, 12 பவுண்டுக்குப் போக வேண்டும்.

அறுந்தால் நஷ்டம் இரை மட்டும் அல்ல. முள் மீனின் வாயில். நரம்பு ஏரியின் அடியில். அது லேசில் மக்காது. பிவாவில் இன்னொன்றும் உண்டு. பாஸ் உள்ளூர் மீன்களைத் தின்று தீர்ப்பதால், பிடித்ததைத் திரும்ப ஏரியில் விடக்கூடாது என்று ஷிகா மாகாணம் 2003 முதல் விதி செய்திருக்கிறது. கரையோரம் அதைப் போடப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். உப்பிலும் சோற்றிலும் மாதக்கணக்கில் ஊறவைத்து இவ்வூர்ப் பெண்கள் செய்துவந்த 'ஃபுனாஸுஷி'க்கு வேண்டிய மீன் அருகியதற்கு, நாணற்கரைகள் குறைந்ததோடு இந்த அந்நிய மீனும் ஒரு காரணம்.

ஆகவே மூன்று விஷயங்களை முடிந்துகொள்ளுங்கள். முடிச்சை இறுக்குமுன் ஈரப்படுத்துங்கள். உலர்ந்து உராய்ந்தால் சூட்டில் நரம்பு பலமிழக்கும். கடைசி ஒரு முழத்தை அடிக்கடி விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் நறுக்கிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். நரம்பு தாங்கும் பளுவில் மூன்றில் ஒரு பங்கு இழுத்தாலே ரீல் விட்டுக்கொடுக்கும்படி திருகை வையுங்கள்.

மீன் ஏமாறுகிற அளவுக்கு மெல்லியதாக, கரை சேர்க்கிற அளவுக்குக் கனமாக. அந்த அளவை அந்தந்த இடத்துத் தண்ணீரைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். துணியைத் தொட்டுப் பார்த்து நூலெடுக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லவும் வேண்டுமா?