நீடிய பொறுமை

நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் காலைதோறும் வேத வாசகம் கேட்கின்றோம். கேட்பவருள் சிலர் கருத்தூன்றிக் கேட்பர். சிலர் முதல் மணிப் பாடத்தைப் பற்றிய கவலையில் ஆழ்ந்திருப்பர். எவ்வாறாயினும், அவ்வாசகத்தின் சொற்கள் யாருடைய உழைப்பால், எத்தனை ஆண்டுகளில், எவ்வித இடுக்கண்களுக்கிடையே தமிழாயின என்று எண்ணிப் பார்ப்போர் நம்முள் மிகச் சிலரே. அவ்வுழைப்பாளருள் ஒருவரைப் பற்றி இவ்வாண்டு மலரில் சிறிது எழுத விரும்புகின்றோம். அவர் வரலாற்றைப் படிக்குந்தோறும், ‘பொறுமை’ என்னும் சொல்லை நாம் எத்துணைக் குறுகிய பொருளில் வழங்கி வருகின்றோம் என்பது விளங்குகின்றது.

பஸ் வரத் தாமதித்தால் பொறுமை வேண்டும் என்கிறோம். பரீட்சை முடிவு வெளிவரவில்லையெனின் பொறுமை வேண்டும் என்கிறோம். செய்வதற்கு யாதொன்றும் இல்லாத இடத்தில் கைகட்டி இருப்பதே பொறுமை என்பது நம் வழக்காகிவிட்டது. தமிழ்ச் சொல்லோ அவ்வாறு கூறவில்லை. பொறுத்தல் என்பது சுமத்தல். தூண் கூரையைப் பொறுக்கின்றது. தலை பாரத்தைப் பொறுக்கின்றது. பொறுமை பிறந்த அதே வேரிலிருந்தே பொறுப்பு என்னும் சொல்லும் பிறந்தது. ஆகவே தமிழனுக்குப் பொறுமையுள்ளவன் என்பவன் காத்திருப்பவன் அல்லன், ஒன்றைச் சுமந்துகொண்டிருப்பவன். (நம் பழைய சாலைகளின் ஓரத்தில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களை இக்கால மாணவர் பார்த்திருப்பரோ என்பது ஐயமே. சாலைகளை அகலமாக்கியபோது அவற்றுள் பல மறைந்தன.) புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்திலும் இக்கருத்துக்குரிய சொற்களுள் ஒன்றின் நேர்ப்பொருள், பாரத்தின்கீழ் அகலாது நிற்றல் என்பதேயாம்.

யோகான் பிலிப்பு பெப்ரீசியஸ் ஐயர் 1711-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தில் பிறந்தவர். முதலில் சட்டம் பயின்று, பின்னர் அதை விட்டு, ஹாலே நகரில் இறையியல் பயின்றார். 1740-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். இரண்டு ஆண்டுகளுக்குள் சென்னையில் ஊழியம் செய்துவந்த ஷூல்ட்சே ஐயர் தாய்நாடு திரும்ப நேரிட்டமையால், அவ்விடத்தை நிரப்பும்படி பெப்ரீசியஸ் அனுப்பப்பட்டார். அன்று தொட்டு 1791-இல் தம் எண்பதாம் வயதில் மரிக்குமளவும் சென்னையே அவருக்கு ஊழியக்களம். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள்! அவருக்கு முன்னோடியாகிய சீகன்பால்க் ஐயர் 1706-இல் வந்து 1719-இல் முப்பத்தாறு வயதிலேயே மறைந்தார். அவருடைய பதின்மூன்று ஆண்டுகளை நாம் விழா எடுத்துக் கொண்டாடுகின்றோம், அது தகும். பெப்ரீசியஸின் ஐம்பது ஆண்டுகளுக்கு விழா எடுப்பார் அரியர். தொடங்கினவனுடைய பெயர் நிலைப்பது போலத் தொடர்ந்தவனுடைய பெயர் நிலைப்பதில்லை.

அவர் சென்னைக்கு வந்தபோது தமிழில் வேதம் இல்லாமலில்லை. சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்திருந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரையில் அவர் செய்து வைத்ததை ஷூல்ட்சே தொடர்ந்து 1728-இல் நிறைவேற்றினார். ஆயினும் அந்நூலின் நடை தமிழர் செவிக்குக் கரடுமுரடாயிருந்தது. இருப்பதே போதும் என்று அதனை வாசித்துக்கொண்டு, பிரசங்கத்திலும் பள்ளிக்கூடத்திலும் காலம் கழித்திருந்தால் பெப்ரீசியஸைக் குறை கூறியிருப்பார் எவருமில்லை. புதிதாகத் தொடங்குவதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. முடிந்துவிட்டதாக எல்லாரும் கருதுகிற வேலையை மீண்டும் முதல் வரியிலிருந்து எடுத்துச் செய்வதில் அம்மகிழ்ச்சியும் இல்லை. அவர் அதையே எடுத்தார். தமிழர் பலரோடு உட்கார்ந்து, சொல் சொல்லாக ஆராய்ந்து, எழுதியதை அடித்து, மீண்டும் எழுதினார்.

அமைதியான அறையில் அமர்ந்து இதனைச் செய்தார் என்று எண்ணவேண்டா. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். ஐயரும் சபையாரும் ஒல்லாந்தர் வசமிருந்த பழவேற்காட்டுக்கு ஒதுங்கினர். 1749-இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்ப ஒப்புவிக்கப்பட்டபின் வேப்பேரியில் ஊழியம் மறுபடியும் தழைத்தது. 1758-ஆம் ஆண்டின் இறுதியில் லாலி சேனையோடு வந்து முற்றுகையிட்டார், வேப்பேரி கொள்ளையிடப்பட்டது, மீண்டும் பழவேற்காடு. 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பு, மீண்டும் ஓட்டம். சிதறிய சபையை மூன்று முறை கூட்டினார் என்று ஒரே வாக்கியத்தில் நாம் எழுதி முடிக்கின்றோம். ஒவ்வொரு முறையும் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து அகர முதலாகக் கற்பித்த உபதேசிமாருடைய களைப்பு வாக்கியத்தில் அடங்குவதன்று.

அப்போர்களிலும் ஒரு நன்மை விளைந்தது. 1761-இல் ஆங்கிலத் தளபதி கூட், புதுச்சேரியை வென்றபோது அங்கிருந்த அச்சியந்திரத்தையும் எடுத்து வந்தார். அரசாங்கத்துக்கு வேண்டியவற்றை அச்சிட்டுத் தரவேண்டும் என்னும் ஏற்பாட்டின்மேல் அது வேப்பேரியில் பெப்ரீசியஸ் ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வியந்திரம் வந்தும் அவர் அவசரப்பட்டாரில்லை. புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. அதாவது சென்னைக்கு வந்து முப்பது ஆண்டுகள் கழித்து. 1779-இல், உடன் ஊழியராகிய பிரைத்தௌப்டுடன் சேர்ந்து தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி வெளியாயிற்று. பழைய ஏற்பாடு பகுதி பகுதியாக அச்சாகிவந்தது. அது முழுவதும் அச்சேறி முடிந்தபோது அவர் உயிரோடில்லை.

இனி, அவர் வரலாற்றை எழுதுவோர் பலர் விரைந்து கடந்துவிடும் ஒரு பகுதிக்கு வருகின்றோம். கடத்தல் நியாயமன்று என்பது நம் கருத்து. பெப்ரீசியஸ் பணக்காரியங்களில் திறமையற்றவர். மிஷன் பணமும், பிறர் அவரை நம்பி ஒப்படைத்த பணமும் அவர் கையில் இருந்தன. அவற்றை வட்டிக்குக் கொடுத்தார். வாங்கினவருள் நவாபின் குடும்பத்தாரும் உண்டு. பணம் திரும்பவில்லை. கொடுத்தவர் வந்து கேட்டனர், வழக்காயிற்று, முதிய வயதில் கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். வேப்பேரியில் ஊழியம் நொந்துபோயிற்று. 1788-இல் கெரிக்கே ஐயர் வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்ளவேண்டியதாயிற்று.

ஒரு சொல்லுக்காகப் பல்லாண்டு ஆராய்ந்தவர், ஒரு கடன்காரனை ஒரு திங்கள் ஆராயாமற்போனது எவ்வாறு? அவர் தமக்கென்று ஒரு காசும் சேர்த்தவர் அல்லர், எளிதில் நம்பினார். ஆயினும் பணத்தை இழந்தவர்களுக்கு அவருடைய கபடின்மை என்ன ஆறுதல் தரும்? பொறுமை என்னும் நற்குணம் ஒருவனிடத்தில் ஒருமுறை குடிபுகுந்தால் அவன் வாழ்வு முழுவதையும் காத்துக்கொள்ளும் என்று நாம் கருதிவிடுகின்றோம். அப்படியன்று. ஒரு துறையில் நீடிய பொறுமையுள்ளவர் வேறொரு துறையில் பொறுப்பற்றவராயிருத்தல் கூடும். அவ்விரண்டும் ஒரே மனிதரிடத்தில் ஐம்பது ஆண்டுகள் அடுத்தடுத்து வாழவும் கூடும். ஊழியத்தில் நெடுங்காலம் நின்றவர் என்பதற்காகக் கணக்கேட்டைப் பாராது விடும் சபைகள் இதனைக் கருத்திற்கொள்ளுதல் நலம்.

அவர் வேலை என்னவாயிற்று? ரேனியஸ் ஐயர் தெளிவான நடையை விரும்பிப் புதிய ஏற்பாட்டை வேறு விதமாக மொழிபெயர்த்தார். பின்னர் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் கூடிய குழுவினர் பெப்ரீசியஸின் நூலையே அடிப்படையாகக் கொண்டு திருத்தி, 1871-இல் ஐக்கியத் திருப்புதலை வெளியிட்டனர். சபைகளில் பெரும்பாலானவை இன்றும் கையாளும் பழைய திருப்புதல் இதுவே. திருத்தியவர்கள் சிறு சொற்களை மட்டும் மாற்றவில்லை. பெப்ரீசியஸ் கடவுளைப் ‘பராபரன்’ என்று எழுதினார். அவர்கள் ‘தேவன்’ என்று மாற்றினர். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்றது. நூல் முழுவதிலும் தலையாய சொல்லே மாறிப்போயிற்று! தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபையார் பழைய சொல்லைக் கைவிட மனமின்றி நெடுங்காலம் பெப்ரீசியஸின் நூலையே வாசித்தனர். அவர்களுடைய பற்று நமக்கு விளங்குகின்றது. எனினும் ஷூல்ட்சேயின் நூலை அடித்துத் திருத்திய கை, தன் நூலைப் பிறர் அடித்துத் திருத்துவதற்கு வருந்தியிராது என்றே எண்ணுகின்றோம்.

இவ்வளவும் இம்மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் மாணவர் ஞாயிறுதோறும் கிராமங்களுக்குச் சென்று ஓய்வுநாள் பள்ளி நடத்துவது நெடுநாள் வழக்கம். ஜூலையில் முப்பது பேர் புறப்படுகின்றனர், கிறிஸ்துமஸ் வரையில் பாட்டும் நாடகமும் சிறக்கின்றன, பிப்ரவரியில் நால்வர் செல்கின்றனர், பின் பரீட்சை. மறு ஜூலையில் வேறு முப்பது பேர், அதே முதற் பாடம். சென்ற ஆண்டு நாமும் அவர்களோடு ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தோம். சுமார் பத்து வயதுள்ள ஒரு சிறுமி புதிதாக வந்த மாணவரை நோக்கி, “அண்ணா, நீங்க எத்தனை வாரம் வருவீங்க?” என்று கேட்டாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. மழை எத்தனை நாள் பெய்யும் என்று கேட்பது போலவே கேட்டாள். மாணவர் சிரித்து மழுப்பினார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவ்வூர்ச் சபையில் முப்பத்தொரு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவரும் அம்மையார் ஒருவர் உளர். நம் மாணவர் வந்தாலும் வராவிட்டாலும் அவர் இருப்பார். எத்தனை பிள்ளைகள் வருகின்றனர் என்று அறிக்கைக்காகக் கேட்டோம். “ஐயா, வந்த பிள்ளைகளை நான் எண்ணுறதில்லை, வராத பிள்ளையைத்தான் எண்ணுவேன். கூட்டம் முடிஞ்சதும் அந்த வீட்டுக்குப் போகணுமே” என்றார். ஆண்டறிக்கைக்கு எண்கள் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை; நாமும் அறிக்கை எழுதுபவரே. ஆனால் அவ்வம்மையாரின் கணக்குக்கு நம் அறிக்கைத் தாளில் கட்டம் இல்லை.

கல்லூரி மாணவர் மூன்று ஆண்டுகளில் போய்விடுபவர்; முப்பத்தொரு ஆண்டு நிற்கும்படி அவரைக் கேட்டல் தகாது என்பர். உண்மையே. பெப்ரீசியஸ் தம்மிடத்துக்கு வந்ததும் ஒருவர் விட்டுச்சென்ற வேலையைத் தொடரும்படிதான். போனதும் பிறர் முடிக்கும்படி விட்டுத்தான். இடையிலுள்ள காலம் அவருக்கு ஐம்பது ஆண்டு. நம் மாணவருக்கு மூன்று. முப்பது பேர் ஆறு மாதம் செல்வதினும், ஐவர் மூன்று ஆண்டும் தவறாது செல்வது அச்சிறுமிக்கு மேலானது. அவ்வைவர் போகுமுன் அடுத்த ஐவரை அழைத்துச் சென்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்தல் அதனினும் மேலானது.

இதனை மாணவர் சங்கத்தில் எடுத்துரைத்தபோது சிலர் முகம் வாடினர்; நாடகத்துக்கு ஆள் போதாது என்றனர். அது மெய்தான், இவ்வாண்டு நாடகம் நடைபெறவில்லை. அதற்குப் பதிலாக நீலநிற அட்டையிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கப்பட்டிருக்கின்றது. அதில் இருபத்துமூன்று பிள்ளைகளின் பெயர்களும், எந்தப் பாடம் எந்த ஞாயிறு நடந்தது என்பதும், யார் வரவில்லை, யார் போய்ப் பார்த்தார் என்பதும் எழுதப்பட்டு வருகின்றன. மூன்றாம் ஆண்டு மாணவர் இருவர் ஏப்ரலில் விடைபெறுகின்றனர். மார்ச்சு மாதத்து இரண்டாம் ஞாயிறு, காலை ஆறரை மணி பஸ்ஸில், முதலாண்டு மாணவர் இருவரை அவர்கள் அழைத்துச் செல்வர். நோட்டுப் புத்தகம் அன்று கைமாறும்.